வை என்று சொல்லாத தீவு

இது நான் நேரில் பார்த்த கதை அல்ல. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் தன் அண்ணன் மகளுக்குச் சொன்னார். அவள் என்னோடு கல்லூரியில் படித்தவள், எனக்குச் சொன்னாள். இரண்டு வாய் தாண்டி வந்திருக்கிறது. வழியில் எது உதிர்ந்தது, எது ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியாது. பெயர்கள் உண்மையானவை அல்ல.

“என் வீட்டுக்காரிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சும்மா,” என்றார் மாசானம்.

பிலோமினம்மா டீ வடிகட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில், கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள் வந்து உட்கார்ந்து போக ஒரு கூடம் இருந்தது. நாலு பெஞ்சு, ஒரு கேரம் போர்டு, ஊருக்குப் பேச ஒரு போன். பிலோமினம்மா ஒருகாலத்தில் கன்னியர் மடத்தில் இருந்தவர். அதை விட்டு வந்து இந்தக் கூடத்தைப் பார்த்துக்கொண்டார்.

மாசானம் அவரைவிட மூத்தவர். கூடத்துக்கு மசாலாப் பொடி கொண்டுவந்து கொடுப்பவர். கொடுத்த பிறகும் போகாமல் உட்கார்ந்திருப்பார். பிலோமினம்மாதான் தன் குரு என்று ஊரில் சொல்வார். ஏன் என்று கேட்டால், “அவுககிட்ட கேட்டா பதில் வராது. ஆனா கேட்டது தீந்துரும்,” என்பார்.

“என்ன செய்யுதா?” என்றார் பிலோமினம்மா.

“ஒரு சொல்லைச் சொல்ல மாட்டேங்கா.”

“எந்தச் சொல்?”

“மல்லி.”

பிலோமினம்மா நிமிர்ந்தார்.

மாசானமும் அவர் மனைவி இசக்கியம்மாளும் மசாலா அரைக்கும் மில் வைத்திருந்தார்கள். அவர் இயந்திரத்தருகே நிற்பார். அவள் தராசருகே இருப்பாள். வத்தலும் மல்லியும் மஞ்சளும் வரும். அரைத்துக் கொடுப்பார்கள். அந்தச் சொல் இல்லாமல் அந்த மில்லில் ஒரு மணி நேரம் ஓடாது.

அவர்களுடைய ஒரே மகளுக்கும் அதுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் மல்லிகா. வீட்டில் மல்லி. ஆடி மாதம் காய்ச்சலில் போய்விட்டாள்.

“பிள்ளை பேரு அதானே, அண்ணாச்சி.”

“பேரு வேற, சரக்கு வேற. நான் சொல்லலியா? நாளெல்லாம் சொல்லுதேன். எனக்கும்தானே மக.”

“அவ அதுக்கு என்ன சொல்லுதா?”

“வாசம்னு சொல்லுதா. ‘வத்தல் ஒரு கிலோ, வாசம் ரெண்டு கிலோ’ன்னு. வாரவங்க முழிக்காக. ஒருத்தி கேட்டே போட்டுட்டா, மல்லின்னு சொன்னா வாய் வெந்துருமான்னு. இவ தராசை அப்படியே போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.”

“ம்.”

“இவ தம்பி பேச்சிமுத்து அமாவாசைக்கு வண்டி கொண்டாரான். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் இருக்காம். கொண்டு விட்டா கட்டிப்போட்டுப் பாத்துக்கிடுவாங்களாம். கொஞ்ச நாள்ல தெளிஞ்சுருமாம். சரின்னுட்டேன்.”

“சரின்னுட்டீங்க.”

“சொல்லிட்டேன். சொன்னதுலருந்து சோறு இறங்கல. அனுப்பவா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க.”

மசாலா டின் இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

“அதை அங்க வைங்க.”

வைத்தார்.

“வை,” என்றார் பிலோமினம்மா, தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பதுபோல. “சின்னச் சொல். இங்க வாரவங்க ஒவ்வொருத்தர் பாஷையிலயும் இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டுட்டு வாங்க.”

“அம்மா, நான் கேட்டது...”

“காதுல விழுந்துச்சு. டீ ஆறுது பாருங்க.”

மாசானம் மறுநாள் மாலையே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் மிகக் கொஞ்சம். முதலில் அகப்பட்டவர் பிரேசில்காரர்.

“வை?” என்றார் மாசானம்.

ஆங்கிலத்தில் ‘ஏன்’ என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று அந்த ஆள் நினைத்துவிட்டார். மாசானத்தின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். “எனக்குத் தெரியாது, ஐயா. யாருக்கும் தெரியாது,” என்றார்.

பிலோமினம்மா விளக்கிச் சொன்ன பிறகு சிரித்தார். தன் பாஷையில் அது ‘போகிறாள்’ என்றார். ‘போகிறான்’ என்றாலும் அதுதான். கையைக் கடல் பக்கம் நீட்டி இரண்டு முறை சொன்னார்.

மாசானம் அன்றைக்கு டீ குடிக்கவில்லை.

அடுத்து ஒரு லாட்வியாக்காரர். ஒரு கையில் டீத்தூள் டப்பாவையும் மறு கையில் காபித்தூள் டப்பாவையும் எடுத்துக் காட்டினார். நடுவில் ‘வை’ போட்டார். இதுவா, அதுவா. அதுதான் அர்த்தம்.

“அனுப்பணுமா, வை, வேண்டாமா,” என்று முணுமுணுத்தபடி மாசானம் வீட்டுக்கு நடந்தார்.

வியட்நாம்காரர் சொல்லைச் சற்று இழுத்துச் சொல்லித் தன் தோளைத் தட்டிக் காட்டினார். மாசானத்தின் தோளையும் தட்டினார். சட்டையிலிருந்து மசாலாத் தூசி பறந்து இருவரும் தும்மினார்கள்.

ருமேனியாக்காரர் வயதானவர், கப்பல் இன்ஜினைப் பார்த்துக்கொள்பவர். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, தலையை ஆட்டி, மெதுவாக “வை, வை” என்றார்.

“ஐயோ,” என்றார் மாசானம்.

“ஐயோ,” என்று அவரும் சொல்லிப் பார்த்தார். சரியாக வந்தது.

கேரம் போர்டில் யாரோ காய் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரே கப்பலில் நிறையப் பேர் வந்தார்கள். துவாலு தீவுக்காரர் தண்ணீர்ப் பானையைக் காட்டினார். சமோவாக்காரரும் அதே பானையைக் காட்டினார். பிஜிக்காரர் உதட்டைக் குவித்து அதையே சொல்லி, ஒரு டம்ளர் மொண்டு குடித்தும் காட்டினார். இந்தோனேசியாக்காரர் மட்டும் அது ‘வை’ அல்ல, ‘ஆயிர்’ என்றார். காட்டியது என்னவோ பானையைத்தான்.

மில்லில் அந்த வாரம் ஒரு சம்பவம் நடந்தது.

இசக்கியம்மாள் வாணலியில் வறுத்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. புகை வந்தது.

“மல்லி கருகிப் போச்சு பாரு,” என்று இயந்திரச் சத்தத்துக்கு மேலாக மாசானம் கத்தினார். “இனி அது எதுக்கும் ஆவாது. தூக்கிக் குப்பைல கொட்டு.”

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

பேச்சிமுத்து அப்போது அங்கே இருந்தான். “பாத்தீங்களா அத்தான்,” என்றான். “இதுக்கு மேல என்ன வேணும்?”

மாசானம் வாணலியை இறக்கி வைத்தார். தன் வாயில் ஏதோ கசப்பது போலிருந்தது அவருக்கு. புகை என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை கூடத்துக்குப் போனார்.

“எல்லாம் நம்ம வைதாம்மா,” என்றார். “கண்டுபிடிச்சிட்டேன்.”

“சொல்லுங்க.”

“தண்ணியைப் பானையிலதானே வைக்கோம். அதான் தண்ணிக்கு வை. சுமையைத் தோள்ல வைக்கோம். தோளும் வை. போகணும்னா காலை எடுத்து வைக்கணும். பறிகொடுத்தவ கையைக் கன்னத்துல வைக்கா. எல்லாம் இங்கருந்து போன சொல்லு.”

“இதுவா அதுவான்னாரே ஒருத்தர்?”

மாசானம் யோசித்தார். “வைக்கவா வேண்டாமா,” என்றார்.

பிலோமினம்மா சிரித்துவிட்டார். மாசானமும் சிரித்தார். ஆடிக்குப் பிறகு தான் சிரித்ததை அவரே கேட்டு, உடனே நிறுத்திக்கொண்டார்.

“ரோட்டுல ஒரே மாதிரி சட்டை போட்டுட்டு ரெண்டு பேரு போறாங்க. அண்ணன் தம்பின்னு சொல்லிருவீங்களா?”

“அது எப்படி?”

“தண்ணின்னு சொன்னாங்களே, அவங்க மட்டும்தான் சொந்தம். ஒரு தாய் பிள்ளைங்க. படகுல ஏறித் தீவு தீவாப் பிரிஞ்சு போனவங்க. மத்தவங்களுக்குச் சட்டை ஒண்ணு, அவ்வளவுதான். நம்ம தமிழ் ‘வை’யும் அப்படித்தான்.”

“ஆயிர்?”

“அதுவும் அந்த வீட்டுப் பிள்ளைதான். சொல்லு கொஞ்சம் உருமாறிப் போச்சு.”

மாசானம் எழுந்தார். “சரி. முடிச்சுட்டேன். இப்ப நான் கேட்டதுக்குச் சொல்லுங்க. சனிக்கிழமை அமாவாசை.”

“முடியல. அந்த வீட்டுல இன்னும் ஒருத்தர் பாக்கி. சமோவாவுக்கும் கிழக்கே, அதே கடல்ல ஒரு தீவு. அந்த ஊரு ஆளு நாளைக்கு வாராரு.”

“அவரும் அந்தப் பானையைத்தான் காட்டப் போறாரு.”

“காட்டுவாரு. வந்து பாருங்க.”

அந்த ஆளின் பெயர் ஹைமானு. பிரெஞ்சுக் கப்பலில் வந்திருந்தார். தாகித்தித் தீவு. பெரிய உடம்பு, சின்னக் குரல். அவர் பிரெஞ்சில் பேசப் பேச, மடத்தில் அதைப் படித்திருந்த பிலோமினம்மா தமிழில் சொன்னார்.

“வை?” என்றார் மாசானம்.

ஹைமானு பானையைக் காட்டினார். ஆனால் தலையை இல்லை என்று ஆட்டினார்.

“பப்பே,” என்றார்.

“வை இல்லையா? சுத்திவர எல்லாரும் வைங்காகளே. இவருக்கு மட்டும் ஏன் வேற?”

“எங்களுக்கும் முன்னால வைதான்.”

“பெறவு?”

“அந்தச் சொல் ஒரு பெரிய தலைவர் பேருக்குள்ள வந்துருச்சுன்னு சொல்லுவாங்க. அதனால விட்டுட்டாங்க.”

“பேருல வந்தா என்ன? பேரு வேற, தண்ணி வேற.”

பிலோமினம்மா அதை அப்படியே ஹைமானுவிடம் சொன்னார். ஹைமானு முகம் சுளித்தார், ஏதோ அசிங்கமாகக் கேட்டுவிட்டதுபோல.

“தண்ணியை என்னென்ன செய்யுறோம். கொட்டுறோம். மிதிக்கோம். காய்ச்சுறோம். நாறுதுங்கிறோம். அழுக்கு சேந்தா தூக்கி வெளிய ஊத்துங்கிறோம். அவரு பேரை வாயில வச்சுக்கிட்டு இதையெல்லாம் எப்படிச் சொல்ல?”

கருகின வாணலி மாசானத்தின் கண்முன் வந்தது.

பானையைப் பார்த்தபடியே கேட்டார். “அதுக்காக ஊரே சொல்லை மாத்திக்கிட்டாகளா?”

“ஊரே.”

“குழந்தை குட்டி எல்லாம்?”

“எல்லாரும்.”

“பைத்தியம்னு யாரும் சொல்லலியா?”

“யாரை?”

“ஊரை.”

ஹைமானு நெற்றியைச் சொறிந்தார். “ஊருக்கே எப்படிப் பைத்தியம் பிடிக்கும்?”

“சரி. ஒருத்தர் மட்டும் மாத்தியிருந்தா?”

“ஒருத்தர் மட்டுமா?” அவர் தோளைக் குலுக்கினார். “அப்ப அந்த ஆளுக்குப் பைத்தியம்தான்.”

கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஹைமானு ஊருக்குப் பேச போன் பக்கம் போனார்.

பிலோமினம்மா குடித்த டம்ளர்களை அடுக்கினார்.

“உங்க மில்லுல எத்தனை பேரு இருக்கீங்க, அண்ணாச்சி?”

“நானும் அவளும்தான்.”

“சின்ன ஊருதான்,” என்று சொல்லிவிட்டு டம்ளர்களோடு உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

சனிக்கிழமை பேச்சிமுத்து வண்டியோடு வந்தான். இன்ஜினை அணைக்கவில்லை.

இசக்கியம்மாள் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் ஒரு துணிப்பை இருந்தது. இரண்டு சேலை, ஒரு சீப்பு. யாரும் சொல்லாமல் அவளே எடுத்து வைத்திருந்தாள்.

“கெளம்புக்கா,” என்றான் பேச்சிமுத்து. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது ஒரு பெண் இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். கீழ ரத வீதியில் இருப்பவள். அடிக்கடி வருகிறவள்தான்.

“குழம்புப் பொடிக்கு,” என்றாள்.

இசக்கியம்மாள் அசையவில்லை.

மாசானம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். “வத்தல் எவ்வளவு?”

“ஒரு கிலோ.”

“வாசம்?”

“என்னது?”

“வாசம். ரெண்டா?”

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். இசக்கியம்மாளைப் பார்த்தாள். “மல்லியா கேக்கீக?”

“இந்த மில்லுல அதுக்கு வாசம்னுதான் பேரு.”

“எப்போலருந்து?”

“ஆடியிலருந்து.”

இசக்கியம்மாளின் தலை நிமிர்ந்தது.

“அத்தான்,” என்றான் பேச்சிமுத்து, தணிந்த குரலில். “அவளுக்குத்தான் இப்படின்னா... ஊரு சிரிக்கும், அத்தான்.”

“சிரிக்கட்டும். வண்டியை அனுப்பிரு, மாப்ள.”

“நான் என் அக்கா நல்லதுக்குத்தான்...”

“தெரியும்ல. எனக்குத் தெரியாதா. ஆனா கட்டிப்போடணும்னா ரெண்டு கயிறு கொண்டாந்திருக்கணும். நீ ஒண்ணுதான் கொண்டாந்திருப்ப.”

பேச்சிமுத்து தெருவுக்குப் போனான். இன்ஜின் சத்தம் நின்றது. அவன் படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். செத்தவள் அவன் தோளில் வளர்ந்த பிள்ளை.

உள்ளே அந்தப் பெண் இன்னும் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போய்விடுவாள் என்று மாசானம் நினைத்தார். வேறு மில்கள் இருக்கின்றன.

அவள் பையைத் தராசின் பக்கம் நகர்த்தினாள்.

“சரி,” என்றாள். “வாசம் ரெண்டு கிலோ. நீயே நிறுத்துப் பாரு, இசக்கி.”

இசக்கியம்மாள் எடைக்கல்லை எடுத்தாள். தட்டு நிலைக்க நேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அன்றைக்கு வேறு யாரும் வரவில்லை. ஊரில் பேச்சு அதற்குள் பரவியிருக்கும். பொழுது சாய்வதற்கு முன்பே மாசானம் கதவை இழுத்துச் சாத்தினார். இயந்திரத்தின் வாயைத் துடைத்தார். சாக்குகளை உதறினார். இருவரும் தெருவில் இறங்கினார்கள். துணிப்பையை அவர் வாங்கிக்கொண்டார்.

மில்லின் நெடி எட்டாத தூரம் வரை இசக்கியம்மாள் பேசாமல் நடந்தாள்.

“மல்லிக்கு இந்தப் பொடி ஆகாது,” என்றாள். “வாசல்ல வந்து நின்னாலே தும்முவா.”

“ஆமா,” என்றார் மாசானம்.

“ஒரே அடுக்கா ஏழெட்டுத் தும்மல்.”

“ஆமா. கண்ணெல்லாம் தண்ணியா ஊத்தும்.”

அதற்குப் பிறகு அவள் தெருவிலேயே அழ ஆரம்பித்தாள். ஆடியில்கூட அவள் அழுததில்லை என்று என் தோழி சொன்னாள். அவர்கள் வீடு போய்ச் சேர வெகுநேரம் ஆகியிருக்கிறது.

நான் பிறகு நூலகத்தில் தேடிப் பார்த்தேன். தாகித்தியில் அப்படியொரு வழக்கம் இருந்தது உண்மை. எந்தத் தலைவரின் பெயருக்காக அந்தச் சொல்லை விட்டார்கள் என்பதை மட்டும் என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. தண்ணீருக்கு அங்கே இன்றும் பப்பே என்றுதான் சொல்கிறார்கள். தீவின் தலைநகரம் பப்பேத்தே. அந்த ஊரின் பழைய பெயர் வையேத்தே.